டிக்கிக்கு இரண்டு பெயர்: கவன்ட்ரியிலிருந்து டேட்டன் வரை

சனிக்கிழமை, கவன்ட்ரி

“சலூனா, எஸ்டேட்டா?” என்று வாடகைக் கார் மேசையில் இருந்த பெண் கேட்டார். சலூன் என்றால் நான்கு கதவுக் கார், எஸ்டேட் என்றால் பின்னால் சாமான் இடத்தோடு நீளும் கார். நான் வாய் திறப்பதற்குள் சித்தப்பா, “சலூன் போதும். கியர் போடும் வண்டியாகக் கொடுங்கள்” என்று பேச்சை முடித்துவிட்டார். அவர் பர்மிங்காமில் கார்ப் பட்டறைகளில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஆட்டோமேட்டிக் வண்டியை அவர் வண்டியாகவே மதிப்பதில்லை. பிரிட்டனில் சட்டமும் ஓரளவு அவர் பக்கம்தான்: ஆட்டோமேட்டிக்கில் ஓட்டிக்காட்டி உரிமம் வாங்கியவர் கியர் வண்டியைத் தொடக்கூடாது.

கார் ஒன்றுதான், ஆனால் அதன் உறுப்புகளுக்கு பிரிட்டனில் ஒரு பெயர், அமெரிக்காவில் வேறு பெயர். எஞ்சின் மூடி இங்கே பானட், அங்கே ஹுட். நம் டிக்கி இங்கே பூட், அங்கே டிரங்க். சக்கரத்துக்கு மேல் வரும் தகடான விங் அங்கே ஃபெண்டர் ஆகிவிடுகிறது, சைலன்சர் மஃப்ளர் ஆகிவிடுகிறது. இதற்கெல்லாம் அட்டவணைகள் கிடைக்கின்றன. எனக்கு அட்டவணை வேண்டாம். எந்தக் கைத்தொழிலிலிருந்து எந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது என்பதைக் கார்கள் பிறந்த ஊர்களிலேயே பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பியிருக்கிறேன். இப்போது பிரிட்டன், அடுத்து டெட்ராய்ட்.

கவன்ட்ரியின் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் கார்களைவிட முதலில் என்னை நிறுத்தியவை சைக்கிள்கள். வரலாற்றின் வரிசையும் அதுதான். இந்த ஊரில் தையல் இயந்திரம் செய்தவர்கள் சைக்கிளுக்கு மாறினார்கள், சைக்கிள் செய்தவர்கள் காருக்கு மாறினார்கள். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இங்கே உருவாக்கிய ரோவர் சைக்கிளைப் பார்த்தால், இன்று தெருவில் ஓடும் சைக்கிளின் தாத்தா என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1896-இல் டெய்ம்லர் நிறுவனம் கைவிடப்பட்ட ஒரு பருத்தி ஆலையில் கார்த் தொழிற்சாலை தொடங்கியபோது, வேலைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் சைக்கிள் பட்டறைக்காரர்கள், இன்னொரு பகுதியினர் குதிரைக் கோச் கட்டியவர்கள். அவர்கள் கையோடு கொண்டு வந்த சொற்கள்தாம் காருக்குள் ஏறிக்கொண்டன.

பூட் அப்படி வந்ததுதான். குதிரைக் கோச்சில் வண்டிக்காரரும் காவலரும் உட்காரும் இருக்கைகளுக்கு அடியில் சாமான் வைக்க அடைப்பு இருக்கும். அதற்கு அந்தப் பெயர். குதிரை போய் எஞ்சின் வந்தது, அடைப்பு பின்னால் நகர்ந்தது, பெயர் மட்டும் அசையவில்லை. டாஷ்போர்டு இன்னும் வேடிக்கை. ஓடும் குதிரையின் குளம்பு வாரி அடிக்கும் சேறு வண்டிக்காரர் மேல் படாமல் தடுத்த பலகை அது. இன்று அதில் தொடுதிரை வைத்திருக்கிறார்கள். விங் என்றால் சிறகு. பழைய கார்களின் முன்சக்கரத்துக்கு மேல் விரிந்து நிற்கும் தகட்டைப் பார்த்த பிறகு அந்தப் பெயருக்கு விளக்கம் கேட்கத் தோன்றாது.

ஒலியைவிட வேகமாகத் தரையில் ஓடிய திரஸ்ட் எஸ்எஸ்சி இங்கேதான் நிற்கிறது. 1997-இல் மணிக்கு 763 மைல். அதில் பூட்டும் இல்லை, டிரங்கும் இல்லை. சித்தப்பா அதைச் சுற்றி வந்து, “இதற்கு ரிவர்ஸ் கியர் உண்டா?” என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு, கேய்டன்

வார்விக்‌ஷயர் வயல்களுக்கு நடுவே பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம். காலையிலிருந்து தூறல். இன்றைய பொழுதில் பாதியை ஒரே ஒரு சொல் தின்றுவிட்டது: ஹுட்.

திறந்த கார்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒரு முதியவர், அருங்காட்சியகத்தின் தன்னார்வலர், பார்வையாளர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். “மழை வந்தால் ஹுட்டைத் தூக்கிவிடுவோம்” என்றார். பக்கத்தில் நின்ற அமெரிக்கத் தம்பதியின் முகத்தில் குழப்பம். மழையில் எஞ்சின் மூடியை எதற்குத் தூக்க வேண்டும்? பிரிட்டனில் ஹுட் என்பது மடக்கி விரிக்கும் துணிக்கூரை. அதுவும் குதிரை வண்டியின் சொத்து. அந்தச் சொல் ஏற்கெனவே கூரைக்குப் போய்விட்டதால் எஞ்சின் மூடிக்கு வேறு பெயர் தேவைப்பட்டது, பானட் வந்து உட்கார்ந்தது. அமெரிக்கர்கள் கூரையை டாப் என்று சொல்லிவிட்டு, ஹுட்டை எஞ்சினுக்குக் கொடுத்தார்கள். இரண்டும் தலையில் அணியும் பொருள்களின் பெயர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பானட் தாடைக்குக் கீழ் நாடா கட்டும் தொப்பி, ஹுட் தலையை மூடும் முக்காடு. கடல் பிரித்தாலும் இரு கரையினருக்கும் எஞ்சின் ஒரு தலையாகவே தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றியது. பெயர் வேறு வேறாக இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை. தெரியாத சொல்லைக் கேட்டவர் “அது என்ன?” என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். ஒரே பெயர் இரண்டு பொருளைக் குறிக்கும்போதுதான் வம்பு, ஏனென்றால் அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை. சித்தப்பா உடனே ஒரு கதை வைத்திருந்தார். அவருடைய பட்டறைக்கு வந்த பழைய அமெரிக்கக் காருக்கு டிரைவ்‌ஷாஃப்ட் வேண்டும் என்று கடல் கடந்து எழுதிப் போட்டார்களாம். வந்து இறங்கியது ஆள் உயரக் குழாய். பிரிட்டிஷ் பட்டறையில் டிரைவ்‌ஷாஃப்ட் என்றால், சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் குட்டையான தண்டு. அமெரிக்கப் பட்டறையில் அது கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சு வரை நீளும் தண்டு. அந்த நீளத் தண்டுக்கு இங்கே புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று பெயர். “அந்தக் குழாயை வைத்து என்ன செய்தீர்கள் சித்தப்பா?” என்றேன். “கூரையில் கொடி கட்டினோம்” என்றார். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

டிரான்ஸ்மிஷனும் இதே ரகம். அமெரிக்காவில் அது கியர்பாக்ஸ். பிரிட்டிஷ் பொறியியலாளர் அதே சொல்லால் கிளட்ச் முதல் சக்கரம் வரை எல்லாவற்றையும் சேர்த்துக் குறிப்பார்.

மதியம் ஒரு பழைய இரு இருக்கைக் காரின் பின்பக்கம் குனிந்து நின்றேன். சரிவான பின்மூடியைக் கைப்பிடியால் இழுத்தால் அது சாய்ந்து, அதன் உட்புறமே முதுகு சாயும் திண்டாகிவிடுகிறது. உள்ளே தோல் மெத்தை. ஏறுவதற்கு விங்கின் மேல் ஒரு சிறு மிதிதகடு. முன்னால் இருப்பவர்களுக்குத் துணிக்கூரை உண்டு, இங்கே உட்காருபவருக்கு வானம்தான் கூரை. பிரிட்டனில் இதன் பெயர் டிக்கி இருக்கை. நாம் இன்றும் டிக்கி என்று சொல்வது இதைத்தான். ஆள் உட்கார்ந்த இடத்தில் பெட்டி உட்கார்ந்தது, பெயர் நம்மிடம் தங்கிவிட்டது. பிரிட்டனில் இப்போது டிக்கி என்றால் அருங்காட்சியகத்தில்தான் புரியும். அமெரிக்கர்கள் இதை ரம்பிள் இருக்கை என்றார்கள். ‘மாமியார் இருக்கை’ என்ற கேலிப்பெயரும் உண்டு. முன்னால் இருந்து பேசுவது பின்னால் கேட்காது என்பதால் இருக்கலாம், அல்லது பின்னால் இருந்து பேசுவது முன்னால் கேட்காது என்பதால்.

கிளம்பும் முன் எச்யூஇ 166 என்ற பதிவெண் கொண்ட லேண்ட் ரோவரைப் பார்த்தோம். 1948-ஆம் ஆண்டு உற்பத்திக்கு முன் செய்யப்பட்ட வரிசையில் முதலாவது. அதற்கும் முந்தைய ஆண்டு செய்து பார்த்த மாதிரி வண்டி, போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப்பின் சட்டத்தின் மேல் கட்டப்பட்டது. அதாவது பிரிட்டனின் பெருமை என்று கொண்டாடப்படும் வண்டி, ஹுட் என்ற பெயரோடு பிறந்து பானட் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

திங்கள், லானெல்லி

இன்று வேல்ஸ். செவர்ன் ஆற்றின் மேல் வேல்ஸ் இளவரசர் பாலத்தைக் கடந்ததும் பலகைகள் இரு மொழிக்கு மாறிவிடுகின்றன. சாலையில் வெள்ளை வண்ணத்தில் ‘ஸ்லோ’ என்பதோடு ‘அராவ்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பாலத்தில் சுங்கம் வாங்கியதை 2018 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். சித்தப்பா அதற்காக இன்னும் மகிழ்ந்துகொண்டிருக்கிறார்.

லானெல்லிக்கு வருவதற்கு ஒரே காரணம் ஸ்டெப்னி தெரு. ஆம், நம் வண்டிகளின் பின்னால் தொங்கும் ஸ்டெப்னிக்கு இந்தத் தெருவின் பெயர். தெருவுக்குப் பெயர் தந்தது லானெல்லி மாளிகையில் வாழ்ந்த ஸ்டெப்னி குடும்பம். தகரத் தகடு உருட்டும் ஆலைகளால் ‘டினோபோலிஸ்’ என்று பெயர் வாங்கிய ஊர் இது. அந்தக் காலத்துக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. சக்கரமும் கழற்ற வசதியாக இருக்காது. குதிரை லாட ஆணிகள் சிதறிக் கிடந்த சாலையில் டயர் குத்துப்பட்டால், அங்கேயே உட்கார்ந்து டயரை நெம்பி எடுத்து ஒட்ட வேண்டியதுதான். தாமஸ் மாரிஸ் டேவிஸ் 1904-இல் இதற்கு வழி கண்டார். ஆரக்கால் இல்லாத ஒரு வளையம், அதன் மேல் ஏற்கெனவே காற்றடித்த டயர். காற்றுப்போன சக்கரத்தைக் கழற்றாமல், அதன் பக்கவாட்டில் இந்த வளையத்தைக் கவ்விகளால் இறுக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். ஸ்டெப்னி தெருவில் பட்டறை வைத்திருந்ததால் பொருளுக்கும் அதே பெயர்.

வண்டிகளில் கழற்றி மாட்டும் முழுச் சக்கரமே வந்தபின் பிரிட்டன் இந்தப் பெயரை மறந்துவிட்டது. இந்தியாவில், வங்கதேசத்தில், மால்டாவில் அது பிழைத்தது. பிரேசிலில் ‘எஸ்டெப்பே’ என்று போர்ச்சுகீசிய உடை போட்டுக்கொண்டது. தெருவில் கடை வைத்திருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் பிறந்ததிலிருந்து இந்தத் தெருவில் இருப்பவர். தமிழில் மாற்றுச் சக்கரத்துக்கு உங்கள் தெருவின் பெயர் என்றதும், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “லண்டனில் இருக்கும் ஸ்டெப்னியைச் சொல்கிறீர்கள்” என்று திருத்தினார். சித்தப்பா அவரோடு வாதிட ஆயத்தமானார். நான் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தேன்.

நிறுத்துமிடத்துக்குத் திரும்பியதும் சித்தப்பாவுக்கு ஒரு சந்தேகம். “நம் வண்டியில் ஸ்டெப்னி எப்படி இருக்கிறது, திறந்து பார் அம்மா” என்றார். பூட் தரைப் பலகையைத் தூக்கினேன். சக்கரம் இருக்க வேண்டிய வட்டக் குழியில் கறுப்பு நுரைத் தட்டு. அதில் வெட்டிய பள்ளங்களுக்குள் உள்ளங்கை அளவு காற்றடிக்கும் கருவி ஒன்று, பால் போன்ற திரவம் நிரம்பிய புட்டி ஒன்று, இழுத்துச் செல்லும் கொக்கி ஒன்று. திரவத்தை டயருக்குள் பீய்ச்சினால் உள்ளிருந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளுமாம். எடையும் செலவும் குறைகின்றன என்று இப்போது பல புதிய கார்களில் மாற்றுச் சக்கரமே வைப்பதில்லை. “டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் இந்தப் பாலை என்ன செய்வது?” என்று சித்தப்பா கேட்டார். பதில் புட்டியிலேயே எழுதியிருந்தது: பக்கச்சுவர் கிழிசலுக்கு உதவாது. மாற்றுச் சக்கரம் பிறந்த தெருவிலிருந்து மாற்றுச் சக்கரம் இல்லாமல் பர்மிங்காம் வரை ஓட்டி வந்தோம். வழியெல்லாம் அவர் சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

செவ்வாய், பர்மிங்காம்

காரைத் திருப்பிக் கொடுக்குமுன் பெட்ரோல் போட்டோம். இந்த நாட்டில் பெட்ரோலை லிட்டரில் விற்கிறார்கள், எவ்வளவு தூரம் கொடுக்கும் என்பதைக் கேலனுக்கு இத்தனை மைல் என்கிறார்கள். இடையில் இருக்கும் கணக்கு ஓட்டுபவரின் பொறுப்பு. பெட்ரோல் என்பது முதலில் ஒரு விற்பனைப் பெயர். லண்டன் ஹாக்னி விக்கில் இருந்த கார்லெஸ், கேப்பல் அண்ட் லெனார்டு என்ற நிறுவனம் 1890-களில் தன் சரக்குக்கு வைத்தது. எல்லாரும் சொல்லத் தொடங்கியபின் அது யாருக்கும் சொந்தமில்லாமல் போயிற்று.

அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். ஒரே கார் அங்கே கேலனுக்கு 30 மைல் கொடுத்தால் இங்கே 36 கொடுக்கும். எஞ்சினுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

நாளை விமானம்.

வியாழன், டெட்ராய்ட்

வாடகைக் கார் மேசையில் கியர் வண்டி என்று யாரும் கேட்கவே இல்லை. ஆட்டோமேட்டிக்தான், செடான்தான். சித்தப்பா இல்லாத குறையை அப்போதே உணர்ந்தேன்.

நிறுத்துமிடத்திலேயே வண்டியைச் சுற்றி வந்தேன். முன்னால் எண் தகடு இல்லை. மிச்சிகனில் பின்னால் மட்டும் போதும், அதற்கு லைசன்ஸ் பிளேட் என்று பெயர். பின் விளக்கில் இண்டிகேட்டர் சிவப்பாகவே கண்சிமிட்டியது. பிரேக் விளக்கும் அதே சிவப்பு. பிரிட்டனில் 1965 செப்டம்பரிலிருந்து பதிவான கார்களுக்குப் பின் இண்டிகேட்டர் ஆம்பர் நிறத்தில்தான் இருக்க வேண்டும். அமெரிக்க விதி இரண்டையும் அனுமதிக்கிறது. முன்னால் போகிறவர் திரும்பப் போகிறாரா, பிரேக் போடுகிறாரா என்று ஊகித்துக்கொண்டே ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஒன்றில் பிரிட்டன்தான் சரி என்று கூசாமல் சொல்வேன். வலப்பக்கக் கண்ணாடியில் ‘தெரிவதைவிடப் பொருள்கள் அருகில் இருக்கின்றன’ என்ற எச்சரிக்கை பொறித்திருக்கிறது. பிரிட்டனில் அதே குவிந்த கண்ணாடிதான், எச்சரிக்கை கிடையாது.

டிரங்கைத் திறந்தேன். டோனட் இருந்தது. உணவுப் பண்டம் அல்ல, ஒடுக்கமான தற்காலிக மாற்றுச் சக்கரத்துக்கு அதுதான் இங்கே வழக்குப் பெயர். பிரிட்டனில் ‘ஸ்பேஸ் சேவர்’ என்பார்கள். மணிக்கு 50 மைலுக்கு மேல் போகாதே என்று மஞ்சள் எழுத்து. படம் எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். “இதையாவது வைத்திருக்கிறார்களே” என்று பதில் வந்தது.

டாஷ்போர்டில் ஒரு வேறுபாடு கண்ணில் பட்டது. பிரிட்டிஷ் காரில் பிரேக் எச்சரிக்கை விளக்கு வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. இங்கே ‘பிரேக்’ என்று எழுத்தாகவே எரிகிறது. அமெரிக்கப் பாதுகாப்பு விதி அந்தச் சொல்லைக் கேட்கிறது. பல மொழிகள் பேசும் ஐரோப்பாவுக்குப் படம் வசதி, அமெரிக்காவுக்குச் சொல். ஹேண்ட்பிரேக்குக்கு இங்கே பார்க்கிங் பிரேக் என்றும் எமர்ஜென்சி பிரேக் என்றும் பெயர். அது ஒரு பொத்தானாகச் சுருங்கிவிட்டபின், கையால் இழுக்கும் பிரேக் என்பதில் எந்த நாட்டிலும் பொருள் இல்லை.

பிற்பகல், பிக்கெட் அவென்யூ ஆலை. 1904-இல் கட்டிய மூன்று மாடிச் செங்கல் கட்டடம். மரத்தூண்கள், மரத்தரை, இரு பக்கமும் உயரமான ஜன்னல்கள். துணி ஆலை என்றால் நம்பலாம். கவன்ட்ரியில் பருத்தி ஆலைக்குள் கார் வந்தது, இங்கே காருக்கென்றே பருத்தி ஆலை போலக் கட்டியிருக்கிறார்கள். 1908-இல் ஃபோர்டு மாடல் டி இங்கேதான் பிறந்தது.

ஒரு மாடல் டி-யின் ஓட்டுநர் பக்கம் நின்று அதன் மிதிகளை நெடுநேரம் பார்த்தேன். மூன்று மிதிகள். இடது மிதி குறைந்த கியருக்கும் மேல் கியருக்கும், நடு மிதி பின்னால் போக, வலது மிதி பிரேக். ஆக்சிலேட்டர் எங்கே? ஸ்டியரிங்குக்கு அடியில் வலப்பக்கம் ஒரு மெல்லிய நெம்புகோல், விரலால் இழுத்து வேகம் கூட்ட வேண்டும். இடப்பக்கம் இன்னொன்று, தீப்பொறியின் நேரத்தை முன்பின் நகர்த்த. ‘காஸ் மிதி’ (காஸ் என்றால் அவர்களுக்குப் பெட்ரோல்) என்று அமெரிக்கர்கள் இன்று சொல்வதை அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற காரில் மிதிக்கவே முடியாது.

வெள்ளி, டெட்ராய்ட் புறநகர்

உதிரிபாகக் கடைக்குப் போனேன். வாங்க ஒன்றுமில்லை, கேட்கத்தான். பிரிட்டனில் மோட்டார் ஃபேக்டர் என்று பலகை வைத்திருப்பார்கள், இங்கே ஆட்டோ பார்ட்ஸ். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் பொறுமைசாலி. பிரிட்டிஷ் சொல்லைச் சொல்வேன், அவர் ஊகிக்க வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். விண்ட்ஸ்கிரீன் என்றதும் விண்ட்ஷீல்ட் என்றார். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப் என்றதும் சற்று யோசித்து, ஆயில் பேன் என்றார். ஸ்பேனர் தெரிந்திருந்தது. கட்ஜன் பின் என்றபோது கையை விரித்தார். பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் குட்டி உருளை என்றேன். “ரிஸ்ட் பின்!” என்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். எனக்கு அமெரிக்கப் பெயர்தான் பிடித்தது. மணிக்கட்டு அசைவதைப் போலத்தான் ராடு அந்தப் பின்னில் அசைகிறது.

சைலன்சர் என்றேன். அவர் புருவம் உயர்ந்தது. “அதற்கு வேறு கடைக்குப் போக வேண்டும்” என்றார்.

அமெரிக்காவில் சைலன்சர் துப்பாக்கிக்குரியது. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசிடம் பதிவு செய்ய வேண்டிய பொருள். கார்ப் புகைக்குழாயில் இருப்பது மஃப்ளர், நாம் குளிருக்குக் கழுத்தில் சுற்றுவதன் பெயர். பிரிட்டனில் நிலைமை தலைகீழ்: காருக்குத்தான் சைலன்சர், துப்பாக்கியில் மாட்டுவதை வேட்டைக்காரர்கள் மாடரேட்டர் என்கிறார்கள். இதில் ஒரு சுவையான சிக்கல் உண்டு. துப்பாக்கி சைலன்சருக்கு 1909-இல் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம், அதற்கு முன் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் கார் செய்துகொண்டிருந்தவர். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவரின் மகன். இரைச்சல் தந்தையுடையது, அதை அடக்கும் வேலை மகனுடையது. உள்ளே நடப்பதும் ஒன்றுதான்: வேகமாக வெளிவரும் வாயுவைத் தடுப்பறைகளில் விரியவிட்டு வேகம் தணித்து அனுப்புவது.

வெளியே வந்ததும் அந்த இளைஞர் கூப்பிட்டார். “இண்டிகேட்டர் என்றால் என்ன, சொல்லவே இல்லையே?” டர்ன் சிக்னல் என்றேன். “ஓ, பிளிங்கர்” என்றார். ஒரே நாட்டுக்குள்ளேயே இரண்டாவது பெயர்.

சனி, டியர்பார்ன்

ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் ஒரு நாளில் அடங்காது. கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் வெள்ளையருக்கு இடம் விட்டு எழ மறுத்த பஸ் இங்கே நிற்கிறது. அதன் முன் நிற்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நானும் காரை மறந்து அங்கே நின்றுவிட்டேன். 1896-இல் ஃபோர்டு செய்த குவாட்ரிசைக்கிளும் இருக்கிறது. நான்கு சைக்கிள் சக்கரங்களில் ஒரு இருக்கை, அவ்வளவுதான். ஸ்டியரிங் சக்கரம்கூடக் கிடையாது, படகின் சுக்கான் போல ஒரு பிடி.

எனக்கு வேலை ஸ்டேஷன் வேகனிடம். மாடல் டி-யின் அடிச்சட்டத்தின் மேல் மரப்பெட்டி கட்டி, ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்கு ஆளையும் சாமானையும் ஏற்றிச் சென்ற வண்டி டெபோ ஹேக். அதன் வாரிசு ஸ்டேஷன் வேகன். ஃபோர்டு 1929-இல் மாடல் ஏ வரிசையில் அதைத் தானே செய்து விற்றது, பலகைகள் மிச்சிகனின் அயர்ன் மவுண்டன் காடுகளிலிருந்து வந்தன. பிரிட்டனில் அதே வடிவம் பண்ணை மாளிகையின் நிலத்தைச் சுற்றிவரும் எஸ்டேட் கார். அங்கே முதலாளி வேட்டைக்குப் போகும் வண்டி, இங்கே ரயிலில் வந்து இறங்கியவரை ஏற்றும் வண்டி. நான்கு கதவுக் காருக்கு அமெரிக்கா வைத்த செடான், இரண்டு பேர் தூக்கிச் செல்லும் மூடுபல்லக்கை நினைவூட்டும் பெயர். பிரிட்டன் வைத்த சலூன், வரவேற்புக் கூடம்.

டயரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எழுத்தில் அமெரிக்கர்கள் ‘ஐ’ போடுவார்கள், பிரிட்டனில் ‘ஒய்’. பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் எழுத்தே மூலம் என்று நினைக்கிறார்கள். தொடக்கத்தில் இரண்டு எழுத்துமே வழங்கின, பிறகு நிலைத்தது ‘ஐ’. பிரிட்டனில் ‘ஒய்’ 19-ஆம் நூற்றாண்டில்தான் திரும்பி வந்தது. ‘அட்டயர்’ என்ற சொல்லின் வால், சக்கரத்தின் உடுப்பு. மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்ட காலத்திலிருந்து வருகிறது.

ஞாயிறு, டேட்டன், ஒஹையோ

டெட்ராய்ட்டிலிருந்து ஐ-75 நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 200 மைல். சமதளம், சோளம், லாரிகள். பார்க்க ஒன்றுமில்லை, ஓட்டச் சுகம்.

பேக்கார்டு கார்களின் அருங்காட்சியகம், ஒரு காலத்தில் பேக்கார்டு விற்பனை நிலையமாக இருந்த கட்டடத்திலேயே இருக்கிறது. இங்கேதான் நான் தேடிவந்த டிரங்கைப் பார்த்தேன். நீண்ட காரின் பின்னால், பம்பருக்கு மேல், இரும்புத் தாங்கியில் தனிப்பெட்டி. கறுப்பு உறை, உலோக மூலைக்காப்பு, இரண்டு தோல் வார்கள், முன்னால் பூட்டுத் தாழ். நம் வீட்டு டிரங்குப் பெட்டியேதான், சற்று வசதியான குடும்பத்தில் பிறந்தது. வாரை அவிழ்த்தால் பெட்டியை அப்படியே ரயிலிலோ விடுதி அறையிலோ கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம். பிறகு வந்த கார்களில் உடல் பின்னோக்கி நீண்டு பெட்டியை விழுங்கிவிட்டது. பெட்டி போன பின்னும் டிரங்க் நின்றது. கோச்சுக்குள் கட்டிய அடைப்பு பூட், கோச்சுக்கு வெளியே கட்டிய பெட்டி டிரங்க்.

இந்த ஊர் சார்லஸ் கெட்டரிங்கின் ஊர். பணப்பதிவேட்டு இயந்திரத்துக்கு மின் மோட்டார் பொருத்தியவர் அவர். சிறிய மோட்டாரானாலும் சில நொடிகள் மட்டும் என்றால் அதன் அளவுக்கு மீறிய வேலையை வாங்கலாம் என்று அதில் கற்றுக்கொண்டதைக் காருக்குக் கொண்டுவந்தார். 1912 காடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. அதுவரை எஞ்சினைக் கிளப்ப முன்னால் நின்று ஒரு கம்பியைக் கையால் சுற்ற வேண்டும். பிரிட்டனில் அந்தக் கம்பி ஸ்டார்ட்டிங் ஹேண்டில், அமெரிக்காவில் கிராங்க். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும்.

காருக்கு முன்பே இருந்த சக்கரம், அச்சு, ஸ்பிரிங், பிரேக் ஆகியவற்றுக்கு இரு நாட்டிலும் ஒரே பெயர். 1950-க்குப் பின் பரவிய டிஸ்க் பிரேக், ஆல்டர்னேட்டர், ஏர்பேக், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். பிளவு பெரும்பாலும் நடுவில் இருக்கிறது, ஏறத்தாழ 1895 முதல் 1930-கள் வரை காரில் வந்து சேர்ந்தவற்றில். காருக்கு மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் பொது, அதற்கு முன் அதே வேலையைச் செய்தது மட்டும் இங்கே ஜெனரேட்டர், அங்கே டைனமோ. அந்த நாட்களில் கவன்ட்ரிப் பட்டறையும் டெட்ராய்ட் பட்டறையும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு பெயர் வைக்கவில்லை. பின்னர் நிறுவனங்களே இரு நாட்டிலும் கால் பதித்தன, பாகங்களைச் செய்பவர்கள் இருவருக்கும் விற்றார்கள், பெயரும் சரக்கோடு கப்பலேறியது. இதற்கு ஒத்துவராத ஒன்றும் உண்டு: வழிகாட்டும் கருவி பிரிட்டனில் சாட்நாவ், அமெரிக்காவில் ஜிபிஎஸ்.

பேக்கார்டு இதில் இன்னொரு வகையிலும் வருகிறது. இரண்டாம் உலகப் போரில் ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை டெட்ராய்ட்டில் செய்து கொடுத்தது பேக்கார்டு. பிரிட்டிஷ் போல்ட்டின் மரை வேறு, அமெரிக்க மரை வேறு. மரையை மாற்றாமல், பிரிட்டிஷ் மரை வெட்டும் கருவிகளையே பேக்கார்டு செய்துகொண்டது. ஸ்பேனரில் பொறித்த எண்ணுக்குக்கூட இரு நாட்டிலும் ஒரே பொருள் இல்லை: பிரிட்டனின் பழைய விட்வொர்த் ஸ்பேனரில் போல்ட்டின் தடிமன் எழுதியிருக்கும், அமெரிக்க ரென்ச்சில் வாயின் அகலம். இந்தப் போர்க்காலத் தொல்லைகள் பொறுக்காமல் 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. பெயர்களுக்கு அப்படி யாரும் கூடிப் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை, மரை பொருந்தாவிட்டால் எஞ்சின் கழன்றுவிடும், பெயர் பொருந்தாவிட்டால் கடையில் ஐந்து நிமிடம் கூடுதலாகும்.

நாளை பிற்பகலுக்குள் டெட்ராய்ட் விமான நிலையத்தில் காரை ஒப்படைக்க வேண்டும். டொலிடோ தாண்டியதும் காஸ் நிரப்பிக்கொள்வது நல்லது, காலி டேங்க்குடன் கொடுத்தால் வாடகைக்காரர்கள் போடும் விலை பங்க் விலையைவிட எப்போதும் அதிகம்.